தோட்டப்புற வீட்டில் ஓர் உள்முக நாட்டுப்புற ராக் ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில், ஆன்மிகத் தேடல் உள்ள பாட்டுகளைச் சொந்தமாக எழுதி, கிட்டாரோடு பாடி, வீட்டிலேயே பதிவு செய்து வெளியிட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. ஸ்டூடியோவுக்குப் பணம் கட்ட முடியாதவர்களையும், பணம் இருந்தும் தன் அறையின் தனிமையில்தான் பாட வருகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது.

இது பக்திப் பாடல் தொகுப்பா?

இல்லை. பக்திப் பாடல் சந்நிதியில் நின்று பலரோடு சேர்ந்து பாடுவது. இந்த வகை ஆல்பத்தில் ஒருவர் தனக்குள் பேசிக்கொள்கிறார். சாவு, கடன், மூடிய தோட்டம், பிரார்த்தனைக்குக் கிடைக்காத பதில், எதிர்பாராமல் வந்த அமைதி என்று எதைப் பற்றியும் இருக்கலாம். கேள்வி கேட்கும் சித்தர் பாடல்களின் குரல்தான் தமிழில் இதற்கு மிக நெருக்கமான முன்னோடி. கிட்டாரும் தப்பு என்னும் பறையும் அந்தக் குரலோடு பின்னால் வந்து சேர்ந்தவை.

அதனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்குச் சொல் புரிய வேண்டும். வேறு வகைப் பாட்டில் தாளம் நன்றாக இருந்தால் வரி புரியாவிட்டாலும் தப்பித்துவிடலாம். இதில் முடியாது. மைக் வைக்கும் இடம், சுருதி, எதிரொலியின் அளவு என்று கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒன்றை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

எத்தனை பாட்டு இருக்க வேண்டும்?

எட்டுப் பாட்டு, 35 நிமிடம் போதும். பன்னிரண்டு பாட்டு எழுதி நான்கைத் தூக்கிப் போடுங்கள். ஒரே வேகத்தில், ஒரே சுருதியில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வந்தால் நான்காவதை யாரும் கவனித்துக் கேட்பதில்லை.

என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு ஆகும்?

மடிக்கணினி ஏற்கெனவே இருந்தால், மற்றவை சுமார் 1,500 முதல் 2,000 வெள்ளிக்குள் முடியும். மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்று. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றது போதும், ஆனால் இரண்டு மைக்கை ஒரே நேரத்தில் வைக்க நினைத்தால் 2ஐ2 வாங்குங்கள். ஒரு மைக், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், கனமான அடிப்பாகம் உள்ள மைக் ஸ்டாண்ட், வாயின் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் ஒன்று, மைக்கை இணைக்கும் 5 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் இரண்டு. கேபிளை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். உள்ளே பற்றவைப்பு விட்டுப்போன கேபிள் தரும் கரகரப்பை மைக்கின் குறை என்று நினைத்து, நல்ல மைக்கை விற்றுவிடுபவர்கள் உண்டு.

மென்பொருளுக்கு ரீப்பர் நல்ல தேர்வு. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். பழைய கணினியிலும் திணறாது. ஆடாசிட்டி இலவசம், குரலும் கிட்டாரும் மட்டும் என்றால் அதிலேயே வேலை முடியும், தடங்கள் (தனித்தனியாகப் பதிந்து அடுக்கும் ஒலிகள்) பெருகினால் சிரமம்.

1979இல் டாஸ்காம் நிறுவனம் கேசட்டில் நான்கு தடம் பதியும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாடலாசிரியர்கள் படுக்கையறையில் ஆல்பம் செய்வது பரவலானது. அந்த நான்கு தடத்துக்குள் அடங்காத பாட்டு இந்த வகையில் அபூர்வம். எத்தனை தடம் வேண்டுமானாலும் கிடைக்கிறது என்பதற்காக நாற்பது தடம் போடத் தேவையில்லை.

கண்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா?

உங்கள் அறையைப் பொறுத்தது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 போன்ற கண்டென்சர் மைக் மூச்சின் நுனிவரை எடுக்கும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் எடுக்கும். அதற்கு இண்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும். ஷூர் எஸ்எம்58, எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குகளை வாயிலிருந்து 7 முதல் 10 செண்டிமீட்டரில் வைத்துப் பாடினால் அறையின் சத்தம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் மெதுவாகப் பாடுபவருக்கு இவற்றில் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் திருகை, ஏறக்குறைய முழுவதும் திருப்ப வேண்டியிருக்கும், மலிவான இண்டர்ஃபேஸில் அங்கே ‘உஸ்’ என்ற இரைச்சல் எழும். சத்தமான வீடாக இருந்தால் டைனமிக் வாங்குங்கள். இரவில் அமைதி கிடைக்கும் வீடாக இருந்தால் கண்டென்சர்.

தோட்டத்துப் பழைய லயத்து வீட்டில் பதிவு செய்யலாமா, குடியிருப்புப் பகுதியின் தாமான் வீடு நல்லதா?

பலகைச் சுவருள்ள லயத்து வீட்டின் ஒலி, சிமெண்டுச் சுவருள்ள தாமான் வீட்டின் ஒலியைவிட நன்றாக இருக்கும். பலகை அடிநாதத்தின் ஒரு பகுதியை உள்வாங்கும். இடுக்குகளும் சட்டங்களும் ஒலியைச் சிதறடிக்கும். கிட்டாருக்கு அது அழகு. அதன் குறை, வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், தகரக் கூரையில் நாலு துளி விழுந்தாலும் வேலை நின்றுவிடும்.

தாமான் வீட்டில் சத்தம் குறைவு. ஆனால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்து, கை தட்டினால் ‘டிர்ர்’ என்று ஒரு சிலிர்ப்பு எழும். அந்தச் சிலிர்ப்பு மெய்யெழுத்துகளைத் தின்றுவிடும். தவிர, 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் சுமார் 58 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 116 ஹெர்ட்ஸிலும் ஒலி வீங்கும். ஆண் குரலின் அடித்தளமும் கிட்டாரின் ஐந்தாம் கம்பியும், அதாவது 110 ஹெர்ட்ஸ், அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் உட்காராதீர்கள். ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உட்கார்ந்து, அறையின் நீளவாக்கில் பார்த்துப் பாடுங்கள்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதுமா?

போதாது. அட்டை மெல்லியது, உச்ச ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், மற்றதெல்லாம் அப்படியே திரும்பி வரும். ஓர் அங்குல ஃபோம் ஒட்டுவதும் ஏறக்குறைய அதே கதைதான்: ‘ஸ்’ ஒலி மட்டும் மங்கி, வீக்கம் அப்படியே இருக்கும்.

வீட்டில் இருக்கும் டோட்டோ மெத்தைதான் நல்ல மருந்து. இரண்டு டோட்டோவைத் துணி காயப்போடும் ஸ்டாண்டுகளில் தொங்கவிட்டு, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால், இரண்டும் ஒரு மூலையாகச் சந்திக்கும்படி நிறுத்துங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் மறைப்பு வைக்கிறார்கள். மேலே சொன்னவை போன்ற கார்டியாய்ட் வகை மைக் தன் முதுகுப் பக்கம் ஏற்கெனவே செவிடு. அது கேட்பது பாடுபவரின் முகத்தையும், அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து திரும்பி வருவதையும்தான். சுவருக்கும் டோட்டோவுக்கும் இடையில் 10 முதல் 15 செண்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அந்தக் காற்று இடைவெளி இருந்தால் இன்னும் கீழான ஒலிகளையும் துணி பிடிக்கும். தரையில் பாய், அதன் மேல் ஒரு போர்வை. சேலைகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் உதவும்.

எந்த நேரத்தில் பதிவு செய்வது?

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த ஊர்களில் ஒலித்தடுப்புச் சுவர் கட்டுவதற்குச் சமம். விடியற்காலை நல்ல நேரம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்குக்கு, போகும் மோட்டார்கள், சேவல், ஏறக்குறைய 5.40க்கும் 6.15க்கும் இடையில் வரும் சுபுஹு பாங்கு, அதன் பிறகு பள்ளி வேன் என்று அது துண்டுதுண்டாகப் போகும். இரவு 10.30 முதல் 1 மணி வரைதான் நீளமாகக் கிடைக்கும் இடைவெளி. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நாளையும், கோவிலில் ஒலிபெருக்கி கட்டும் ஆடி மாதத்தையும், திருவிழா நாட்களையும் காலண்டரில் குறித்துக்கொண்டு அந்த நாட்களில் எழுதும் வேலை, எடிட்டிங் வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு என்றால், காதுக்குத் தெரியாத அதிர்வு தரை வழியாக மைக்கில் ஏறும். ஸ்டாண்டின் அடியில் மடித்த துண்டு அல்லது தடித்த ரப்பர் வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரைக் குரல் தடத்தில் போடுங்கள்.

மின்விசிறி ஓடக்கூடாது. அறையை முன்கூட்டியே குளிரவைத்து, எல்லாவற்றையும் அணைத்து, 20 நிமிடம் பாடி, மறுபடி குளிரவைப்பதுதான் நடைமுறை. வியர்த்து, எரிச்சலோடு பாடிய டேக்கில் அமைதியான வரி பொய்யாகக் கேட்கும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

தீபகற்பத்தின் மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் ஆகிய இரண்டு பருவங்களில் மழை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் பிற்பகலிலும் அந்தியிலும் இடியோடு வரும். அந்த மாதங்களில் இரவு வேலையை மட்டும் திட்டமிடுங்கள். இடி நெருங்குவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இணைய மோடத்தின் மின்னிணைப்பையும், கணினிக்குப் போகும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்; மின்னல் அந்த வழியாகவும் வந்து இண்டர்ஃபேஸைக் கொல்லும்.

ஹெட்ஃபோனில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் நிற்காமல் வருகிறது. ஏன்?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ஒலியோ, அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸோ கேட்டால் காரணம் மின்சாரம்தான். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் சார்ஜர்தான் குற்றவாளி. பதிவை பேட்டரியிலேயே செய்யுங்கள். போகவில்லையென்றால் விசிறி ரெகுலேட்டர், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள். மின்கிட்டார் என்றால் உட்காரும் திசையைக் கால்வட்டம் திருப்பினாலே பாதி குறையும். பழைய வீடுகளில் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பார்க்க வேண்டும். சத்தத்தை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த்தை நீக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பாட்டுக்குச் சுருதி எப்படித் தேர்வது?

கிட்டாருக்கு வசதியான சுருதியில் பாட்டைக் கட்டிவிட்டு, பிறகு குரலை அதற்குள் திணிப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. தலைகீழாகச் செய்யுங்கள். பாட்டின் மிகக் கீழான வரியை எடுங்கள். அதன் கடைசிச் சொல்லை மூச்சுத் தேய்ந்த நிலையிலும் தெளிவாகச் சொல்ல முடிகிற சுருதியைக் கண்டுபிடியுங்கள். உச்ச வரி அதில் கொஞ்சம் திணறினால் பரவாயில்லை. உச்சத்தில் திணறல் உணர்வாகக் கேட்கும். கீழே சொல் விழுங்கப்பட்டால் வெறுமை மட்டும்தான். ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் இடையில், பெண் குரல் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நிற்கும். பிறகு கிட்டாரின் சுருதியை ஏற்றும் பிடிப்பானான கேப்போவை அதற்கேற்ற இடத்தில் மாட்டுங்கள்.

ராகத்தில் அமைந்த மெட்டுக்குக் கிட்டார் கார்ட்ஸ் வைத்தால் மெட்டு கெட்டுவிடுகிறதே?

சாதாரண டியூனிங்கில் ஒவ்வொரு கார்டும் பெரிய காந்தாரமா சிறிய காந்தாரமா என்று முடிவு செய்துவிடுகிறது. மெட்டு அதற்கு மாறாகப் போகும்போது மோதல். டி-ஏ-டி-ஜி-ஏ-டி டியூனிங்கை முயலுங்கள். ஆறாம் கம்பி, இரண்டாம் கம்பி, முதல் கம்பி மூன்றையும் ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும், அவ்வளவுதான். ‘டி’யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் திறந்த கம்பிகள் ஸ–ப–ஸ–ம–ப–ஸ என்று ஒலிக்கும். காந்தாரமே இல்லை. ஆகவே கரகரப்பிரியாவின் சிறிய காந்தாரமும் ஹரிகாம்போதியின் பெரிய காந்தாரமும் அதன் மேல் நிம்மதியாக உட்காரும். தம்புராவின் வேலையைக் கிட்டாரே செய்துவிடும். மத்யமம் இல்லாத மோகனம் போன்ற ராகமென்றால் மூன்றாம் கம்பியைத் தொடாமல் விடுங்கள்.

ராக் பகுதியில் சத்தம் கூட வேண்டுமென்றால், ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் உள்ள பவர் கார்டுகள். ஹரிகாம்போதியில் ஏழாம் ஸ்வரத்தின் மேல் கட்டிய கார்டு, ‘டி’ சுருதியில் ‘சி’ மேஜர், நாட்டுப்புற மணத்தையும் ராக் எடுப்பையும் ஒன்றாகத் தரும். நடபைரவிக்கு இயற்கை மைனர் ஸ்கேலின் கார்டுகள் எல்லாம் பொருந்தும், ஆனால் அதே நான்கு கார்டுச் சுழற்சியில் ஆல்பம் முழுவதையும் ஓட்டிவிடாதீர்கள்.

வரி எழுதும்போது கவனிக்க வேண்டியது?

குறிலின் மேல் நீண்ட ஸ்வரம் விழாமல் பாருங்கள். ‘மனம்’ என்று எழுதி முதல் எழுத்தை நான்கு எண்ணிக்கைக்கு இழுத்தால் கேட்பவர் காதில் ‘மானம்’ விழும். இழுக்க வேண்டிய இடத்தில் நெடிலோ மெல்லினமோ வரும்படி சொல்லை மாற்றுங்கள், மெட்டை மாற்றினாலும் சரி. பாட்டை இசையில்லாமல் ஒருவரிடம் ஒரு முறை பாடிக்காட்டி, கேட்ட வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தவறாகச் சொல்லும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

பொதுச் சொற்கள் வேண்டாம். ‘வாழ்க்கைப் பயணம்’, ‘அன்பே கடவுள்’ போன்றவை ஆயிரம் பாட்டில் வந்துவிட்டன. பால்மரத்தின் வெட்டுக்காயமும், செம்பனைக் காட்டின் நடுப்பகல் இருட்டும், மூடிய தோட்டத்தில் தனியாக நிற்கும் கோவிலும் உங்கள் கண்முன் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலே ஆன்மிகம் வந்து சேரும். விளக்கிச் சொன்னால் பிரசங்கம் ஆகிவிடும்.

தப்பு, உறுமி போன்ற தோல் வாத்தியங்களை வீட்டில் பதியலாமா?

தப்பையும் உறுமியையும் சின்ன அறைக்குள் பதியாதீர்கள். முதல் அடியிலேயே அறை நிரம்பி, மைக்கில் அடியும் எதிரொலியும் ஒட்டிக்கொண்டு ‘டொப்’ என்ற ஒரே சத்தமாகிவிடும். வீட்டின் முன்நடையான அஞ்சடி, வாசல் தாழ்வாரம், மரத்தடி, அல்லது ஆள் இல்லாத நேரத்தில் தோட்ட மண்டபம் நல்லது. மண்டபம் என்றால் சுவரிலிருந்து விலகி, நடுவைத் தவிர்த்து நில்லுங்கள்.

எஸ்எம்57ஐத் தப்பின் தோலுக்கு 40 செண்டிமீட்டர் தள்ளி, நேராகக் குறிவைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். இரண்டாவது மைக் இருந்தால் 1.5 மீட்டர் பின்னால். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அடி மெலிந்தால், ஒரு தடத்தின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையை மேல்கீழாக, திருப்பிப் பாருங்கள். கனமாகக் கேட்கும் நிலைதான் சரி. கெயினை வாசிப்பவரின் மிகப் பலமான அடிக்கு அமையுங்கள். சோதனையில் எல்லோரும் மெதுவாகத்தான் அடிப்பார்கள். ஆகவே உச்சம் மைனஸ் 15 டெசிபெல்லில் நிற்கும்படி வைத்தால் உண்மையான வாசிப்பு மைனஸ் 8 பக்கம் வந்து நிற்கும்.

இந்த ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் தொய்யும். தப்பைத் தீயில் காய்ச்சி ஏற்றிய பிறகு நல்ல நாதம் அதிக நேரம் நிற்பதில்லை. தீயும் வைக்கோலும் தயாராக வெளியில் இருக்கட்டும், ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் காய்ச்சுங்கள். முதல் பாட்டில் எடுத்த அடியையும் கடைசிப் பாட்டில் எடுத்த அடியையும் ஒட்டவைத்தால் இரண்டு வேறு வாத்தியங்கள் போலக் கேட்கும்.

தாளம் காட்ட ஹெட்ஃபோனில் ஒலிக்கும் கிளிக் சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டார்காரர் நாலு எண்ணிக்கையில் நினைப்பார், தப்புக்காரர் திஸ்ர நடையில் நினைப்பார். மெட்ரோனோமை 6/8இல் வைத்து இருவருக்கும் ஒரே இடத்தில் அழுத்தம் விழும்படி செய்யுங்கள். நாட்டுப்புற வாசிப்பு பாட்டு போகப்போக இயல்பாகவே வேகம் பிடிக்கும். அதை அடக்கினால் உயிர் போய்விடும். பல்லவி திரும்பும் இடங்களில் நிமிடத்துக்கு 2 அல்லது 3 அடி கூடும்படி மென்பொருளில் வேகத்தை ஏற்றி வைப்பது நல்ல சமரசம். அல்லது வழிகாட்டிக் கிட்டாரோடு தப்பை முதலில் கிளிக் இல்லாமல் பதிந்து, மற்றதை அதன் மேல் பாடுங்கள். கைதேர்ந்த வாசிப்பாளர் கிடைத்தால் இரண்டாவது வழியே மேல்.

கிட்டார் மந்தமாக ஒலிக்கிறது. மைக்கை மாற்ற வேண்டுமா?

முதலில் கம்பியை மாற்றுங்கள். வியர்வையும் ஈரமும் சேர்ந்து இந்த ஊர்க் காற்றில் கம்பி சீக்கிரம் செத்துவிடும். பதிவுக்கு முந்தின நாள் புதுக் கம்பி மாட்டி, நன்றாக இழுத்துப் பழக்கிவிடுங்கள். அன்றைக்கே மாட்டினால் சுருதி நிற்காது. பிறகு கிட்டாரைப் பாருங்கள். மரக் கிட்டாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது. நம் வீடுகளில் பெரும்பாலும் அதைவிட அதிகம். மேல்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பி, கம்பி உயர்ந்து, நாதம் அடைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பூட்டி வையுங்கள், சுவரில் தொங்கவிடாதீர்கள்.

மைக்கை ஓட்டைக்கு நேராக வைப்பது பெரும்பாலானோர் செய்யும் தவறு. அங்கே அடிநாதம் மட்டும் வீங்கி வந்து, குரலின் கீழ்ப்பகுதியை மூடும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு எதிரே, 25 செண்டிமீட்டரில், ஓட்டைப் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். பளபளப்பு அதிகமென்றால் உடல் பக்கம் சில செண்டிமீட்டர் நகர்த்துங்கள். ஒலியின் அடியையும் உச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள்.

குரல் பதியும்போது?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபெல் வரை. ஒரு மோனோ தடம் நிமிடத்துக்குச் சுமார் 8.6 மெகாபைட் பிடிக்கும், இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்டென்சர் மைக்கிலிருந்து வாய் ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர். மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்து வாயை நோக்கிச் சாய்த்தால் ‘ப’வின் காற்று அடி தப்பும்.

தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் யாராலும் பாட முடியாது. கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவான பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். கணினி திணறினால் இண்டர்ஃபேஸில் இருக்கும் நேரடிக் கண்காணிப்பு பொத்தானைப் பயன்படுத்துங்கள். தடங்களைக் கலக்கும் மிக்சிங்கின்போது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஹெட்ஃபோன் சத்தம் அதிகமானால் கிளிக் மைக்கில் கசியும். மெதுவான பாட்டில் அது கடைசிவரை நீங்காது.

முழுப் பாட்டாக மூன்று நான்கு டேக் பாடுங்கள். வரிவரியாக ஒட்டி எடுத்த குரலில் மூச்சு பொருந்தாது. ஒரு மனிதர் தொடர்ந்து யோசிப்பதாகத் தோன்றாது. நல்ல டேக்கில் ஒரு சொல் சறுக்கியிருந்தால் அந்தச் சொல்லை மட்டும் வேறு டேக்கிலிருந்து எடுங்கள்.

ஆட்டோட்யூன் போடலாமா?

கமகத்தை அது பிழையென்று நினைக்கும். அசைவு நேராகி, நாட்டுப்புறக் குரல் பொம்மைக் குரலாகும். தவிர்க்க முடியாத இடத்தில் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கையால் நகர்த்துங்கள். திரும்பப் பாடுவது பெரும்பாலும் அதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஆன்மிகப் பாட்டு என்றால் எதிரொலி நிறைய வேண்டாமா?

வேண்டாம். கோவில் மண்டபம் போல ஒலிக்க வேண்டும் என்று ரிவெர்பை ஊற்றுவதில்தான் நல்ல வரிகள் பல மூழ்கிப் போகின்றன. ஒரே ஒரு ரிவெர்ப், 1.8 முதல் 2.2 விநாடி. ப்ரீ-டிலேயை 40 முதல் 60 மில்லிசெகண்ட் வையுங்கள்: முதலில் சொல் உலர்ந்து தெளிவாக வந்து சேரும், எதிரொலி அதன் பின்னால் எழும். ரிவெர்ப் திரும்பும் தடத்தில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். அளவு தெரிய, ரிவெர்பை முழுதும் இறக்கி மெல்ல ஏற்றுங்கள்; அது இருப்பது காதுக்குத் தெரிந்ததும் ஒரு டெசிபெல் குறையுங்கள்.

குரலைச் சத்தமாக்கி முன்னுக்குக் கொண்டுவருவதைவிட மற்றவற்றை ஒதுக்குவது நல்லது. கிட்டார் தடத்தில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் 2 டெசிபெல் குறைத்தாலே ழகர, ளகர வேறுபாடு தெளியும். குரலில் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை பெட்டிக்குள் பாடுவது போன்ற அடைப்பு இருந்தால் 2, 3 டெசிபெல் வெட்டுங்கள். சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர் 3:1, பலமான வரியில் 4 முதல் 6 டெசிபெல் அமுக்கினால் போதும். கிட்டாரை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் தள்ளினால் நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும். ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைப்பதால் அந்த அகலம் வராது.

முடிந்ததும் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும், ஓடுகிற மைவி காருக்குள்ளும் கேளுங்கள். காரில் வரி புரிந்தால் எங்கும் புரியும்.

வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசி வேலையான மாஸ்டரிங்கை நாமே செய்யலாமா? எவ்வளவு சத்தம்?

செய்யலாம், ஆனால் மிக்ஸ் முடிந்து இரண்டு வாரம் கழித்து. ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவை ஒட்டிச் சத்தத்தைச் சமப்படுத்துகின்றன. அதைவிடச் சத்தமாக அமுக்கிக் கொடுத்தால் அவை குறைத்துவிடும். உங்களுக்கு மிஞ்சுவது நசுங்கிய தப்பு மட்டும். மெதுவான பாட்டு மைனஸ் 16இல் நின்றாலும் குறையில்லை. ஒலியின் உண்மையான உச்சமான ட்ரூ பீக் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராதீர்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு விநாடி இடைவெளி விட்டு, கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சித்தர் பாடல், வள்ளலார் பாடல் வரிகளை ஆல்பத்தில் சேர்க்கலாமா?

வரிகளைச் சேர்க்கலாம். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி எழுத்துக்கும் இசைக்கும் உரிமை ஆசிரியரின் ஆயுளும் அதன் பிறகு 50 ஆண்டும். வள்ளலார் மறைந்தது 1874இல். சித்தர்கள் அதற்கும் வெகு முந்தியவர்கள். ஆனால் சினிமாவிலோ கேசட்டிலோ நீங்கள் கேட்ட மெட்டு வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கும். வரியை எடுத்துக்கொண்டு மெட்டை நீங்களே போடுங்கள்.

உங்கள் பாட்டுக்கான உரிமை, அது பதிவான உடனே தானாகப் பிறக்கிறது. சான்று வேண்டுமென்றால் 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விருப்ப அறிவிப்புச் செய்யும் வழி இருக்கிறது. பாட்டு பொது இடங்களிலும் வானொலியிலும் ஒலிக்கும்போது வரும் தொகைக்கு, பாடலாசிரியர் என்ற முறையில், அந்தத் தொகையை வசூலித்துத் தரும் எம்ஏசிபி அமைப்பில் உறுப்பினராகலாம்.

தோட்டத்துப் பாட்டி பாடும் தாலாட்டையோ ஒப்பாரியையோ பதிந்து சேர்க்கலாமா?

அவர் சம்மதித்தால் சேர்க்கலாம். எதற்காகப் பதிகிறீர்கள், எங்கே வெளிவரும் என்பதை முன்பே சொல்லுங்கள், பதிந்ததை அவருக்குப் போட்டுக்காட்டுங்கள், எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பணம் கொடுங்கள், பெயர் போடவா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள். ஒப்பாரியைச் சாவு வீட்டில் மறைந்து நின்று பதிவது கூடவே கூடாது. வீட்டில் சும்மா ஒப்பாரி பாடினால் ஆகாது என்று மறுக்கும் மூத்தவர்கள் உண்டு. வற்புறுத்தாதீர்கள்.

கோவில் மணி, காட்டுப் பூச்சி, மழை ஆகியவற்றைப் பின்னணியில் வைக்கலாம், பாட்டுக்குத் தேவைப்பட்டால் மட்டும். பாங்கை அலங்காரமாகப் பயன்படுத்தாதீர்கள். பின்னணியில் தற்செயலாக விழுந்திருந்தாலும் வெட்டிவிடுங்கள். அது பிறருடைய தொழுகைக்கான அழைப்பு.

வெளியிடுவது எப்படி? பணம் வருமா?

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடிபேபி போன்ற விநியோகச் சேவை ஒன்றின் வழியாகத்தான் ஸ்பாட்டிஃபைக்கும் ஆப்பிள் மியூசிக்குக்கும் போக முடியும். ஒவ்வொரு பாட்டுக்கும் தேவையான, பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணை அவர்களே தருவார்கள். உங்கள் பெயரை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை முதலிலேயே முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். ஓர் எழுத்து மாறினால் உங்கள் பாட்டுகள் இரண்டு கலைஞர்களின் பக்கங்களில் சிதறிவிடும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். கோப்புகளை வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபையின் தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் முன்பு அது அங்கே இருக்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் வரும் பணத்தை நம்பாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கணக்கு, 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் தொகையே உண்டு. பாட்டை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும் பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்களுக்குத் தரும். 50 பேர் மனமார வாங்கினால் அது பல்லாயிரம் ஸ்ட்ரீமைவிட அதிகம். பாடல் வரிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தோடு ஒரு சிடி போடுவதும் வீண் இல்லை. நம் ஊர்களில் இன்னும் காரில் சிடி கேட்பவர்கள் இருக்கிறார்கள், வரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கு இணை எதுவும் இல்லை. சிடிக்கு மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டாக மாற்றி, டிதர் என்னும் மிக மெல்லிய இரைச்சல் சேர்த்துத் தனிக் கோப்பு எடுங்கள்.

வானொலியில் போடுவார்களா?

மின்னல் எஃப்எம், ராகா இரண்டுக்கும் அனுப்பலாம். ஏழு நிமிடப் பாட்டை அனுப்பாதீர்கள். நான்கு நிமிடத்துக்குள் இருக்கும், முதல் 20 விநாடிக்குள் குரல் வந்துவிடும் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, வேவ் கோப்பு, வரிகள், எழுதியவர்–இசையமைத்தவர் பெயர், இரண்டு பத்தி அறிமுகம் ஆகியவற்றோடு அனுப்புங்கள். ஆல்பம் முழுவதையும் இணைத்து அனுப்பினால் எதையும் கேட்காமல் விடும் வாய்ப்பே அதிகம்.

பதிவுகளை எப்படிப் பாதுகாப்பது?

மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, மூன்றாவது வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. ஒவ்வோர் இரவும் வேலை முடிந்ததும் நகலெடுங்கள். ஆல்பம் முடிந்த பிறகு மென்பொருள் கோப்பை மட்டும் வைத்திருந்தால் பத்து ஆண்டு கழித்து அது திறக்காமல் போகலாம். ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை நீளும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, சுருதி, வேகம், டியூனிங், கேப்போ இடம் ஆகியவற்றை ஒரு உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறைக்குள் போட்டு வையுங்கள்.